தாதன்குளத்து ஆணி

திருநெல்வேலி ஜங்ஷன்

வாயில் விசில். கையில் நாலு கலர் ரிப்பன். எதிரே கதவில் வரிசையாகப் பதினோரு ஆணி. முதுகுக்குப் பின்னால் ஓலைப்பாயில் மலையாகக் கொட்டி ஆவி பறக்கிற சோறு. அதற்கடுத்து அண்டா அண்டாவாக ஆட்டுக்கறிக் குழம்பும் சாம்பாரும். வெளியே ஆலய வளாகம் முழுக்க இலை போட்டு சனம் உட்கார்ந்தாச்சு. ஜெபம் முடிந்து ஆமென் சொல்லியாச்சு. இனி ஒரு நிமிஷம் தாமதித்தால் இலையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். எங்க பாளையங்கோட்டைச் சனத்தை எனக்குத் தெரியாதா?

அசனம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வருஷத்துக்கு ஒருநாள் எங்க சபையில் எல்லாரும் ஒரே அடுப்புச் சோறு சாப்பிடுகிற விருந்து அது. வெளியூரில் வேலை பார்க்கிறவன்கூட லீவு போட்டுவிட்டு வந்துவிடுவான். சமைத்த பண்டமெல்லாம் முதலில் ஒரு அறைக்கு வரும். அங்கிருந்துதான் பந்திக்குப் போகும். அந்த அறைக்குக் கலவறை என்று பெயர்.

அந்தக் கலவறை வாசலில் விசிலோடு நின்ற பொம்பளை நான்தான். ஜெயசீலி. மனச்சிதைவு நோய்க்கு இருபது வருஷத்துக்கு மேலாக மாத்திரை சாப்பிடுகிறவள். மூன்று சாமான் வாங்கி வரச் சொன்னால் ஒன்றோடு திரும்பி வருகிறவள்.

ஆலயச் சுவரோரம் என் அண்ணன் கைகட்டி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் சொதப்பினால், திங்கட்கிழமை காலையில் என்னைக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவான். பெட்டிகூடக் கட்டி வைத்தாச்சு.

பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்த ஞானமுத்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். "ஏட்டி சீலி, வண்டிய எடுக்கியா, இல்ல சனம் எறங்கித் தள்ளணுமா?"

ஊதினேன் பாருங்க ஒரு விசில்! ரெண்டு தெரு தள்ளிக் கேட்டிருக்கும்.

கொஞ்சம் பொறுங்க. வண்டி கிளம்பின கதையைச் சொல்வதற்கு முன்னால் இந்த விசிலும் ஆணியும் எங்கிருந்து வந்தது என்று சொல்லணும். இல்லாவிட்டால் 'சீலியம்மா கதையை நடுவில் விட்டுட்டீங்களே' என்று போன வாரம் மாதிரியே கடிதம் போடுவீர்கள். நான் நடுவில் விடுகிறவள்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் இந்த வாரம் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஸ்டேஷன் பெயர் வைத்து எழுதுகிறேன். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கமாட்டேன், கோபிக்காதீங்க.

பாளையங்கோட்டை

எங்க அப்பா ரயில்வே கார்டு. கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடியோடு நிற்பாரே, அவர்தான். திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் போய்ப்போய் வந்தே ரிட்டயர் ஆனார். விசில் அவருடையது.

எனக்குத் தாலாட்டே அந்த லைன்தான். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர். ஜங்ஷனை விட்டால் பதினொன்று. தூக்கத்தில் உலுக்கிக் கேட்டாலும் சொல்வேன், தலைகீழாகவும் சொல்வேன். விருந்தாளி வந்தால் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வாள்.

இதுதான் பின்னால் எனக்கு வினையாகப் போச்சு.

நோய் வந்த புதிதில் காதுக்குள் ஆள் பேசுகிற சத்தம் கேட்கும். அது மாத்திரையில் அடங்கிவிட்டது. எல்லாரும் 'அப்பாடா, சீலிக்குக் குணமாயிட்டு' என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடிக்கிற வேலைகூடக் கிடைத்தது.

ஆனால் ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. ஆபீசில் போன் அடிக்கும். எடுத்து 'ஒரு நிமிஷம்' என்பேன். அதற்குள் ஒருவர் ஜன்னலில் நின்று டி.சி. கேட்பார். ரெண்டையும் வைத்துக்கொண்டு நிற்பேன், மூன்றாவதாக ஃபேன் சத்தம் வரும், அவ்வளவுதான். போனில் யார், ஜன்னலில் யார், நான் எதற்கு எழுந்தேன், ஒன்றும் இருக்காது. நாலு மாசத்தில் 'வீட்டில் இருந்து உடம்பைப் பாரும்மா' என்று அனுப்பிவிட்டார்கள்.

வீட்டிலும் அதே கூத்து. "அரைக்கிலோ சர்க்கரை, கடுகு, ஒரு துணி சோப்பு" என்பாள் அம்மா. மூன்றே மூன்று. தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே போவேன். எதிரே ஒருத்தி "என்ன சீலி, சொகமா?" என்பாள். "சொகந்தான்" என்று சொல்லி முடிக்கிறபோது கடுகும் சோப்பும் காணாமல் போயிருக்கும். கடைக்காரர் "என்ன வேணும்மா?" என்று கேட்க, சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டு அசடு வழியத் திரும்பி வருவேன்.

"பதினோரு ஸ்டேஷனையும் மூச்சு விடாம ஒப்பிக்கா, மூணு சாமான் நெனப்புல நிக்காதாக்கும்? எல்லாம் கள்ளம்!" என்று கத்துவாள் அம்மா. அக்கம்பக்கமும் அதையேதான் சொன்னது. நடிக்கா, சோம்பேறி, வேலை செய்ய உடம்பு வணங்கலை. ஸ்டேஷன் பெயரை மட்டும் நான் மறந்திருந்தால் ஒருவேளை பாவம் என்றாவது விட்டிருப்பார்கள். கடைசியில் நானே நம்பிவிட்டேன், நான் சோம்பேறிதான் என்று. ரொம்ப வருஷம் அப்படி நம்பிக்கொண்டு படுத்துக்கிடந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

செய்துங்கநல்லூர்

மாத்திரை வாங்கப் போகிற ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருந்தாள். காயல்பட்டினத்துக்காரி, பெயர் பாத்திமா. நோயாளிகளை உட்காரவைத்துப் பேசுகிறதும் பயிற்சி கொடுக்கிறதும் அவள் வேலை. முப்பது வயசுகூட இருக்காது.

"அக்கா, நான் சொல்லுற நம்பரைத் திருப்பிச் சொல்லுங்க. ஏழு, ரெண்டு, ஒம்பது."

சொன்னேன்.

"இப்ப பின்னாலருந்து முன்னால சொல்லுங்க. நாலு, எட்டு, ஒண்ணு, ஆறு."

"ஆறு..." என்றேன். மீதி மூன்றும் ஜன்னல் வழியாகப் பறந்துபோச்சு. எனக்கு வந்ததே கோபம்! "நான் என்ன பாலர் பள்ளிப் பிள்ளையா? பதினோரு ஸ்டேஷனைத் தலைகீழா சொல்லுவேன், கேளு" என்று திருச்செந்தூரில் ஏறி ஒரே மூச்சில் பாளையங்கோட்டையில் இறங்கினேன். அவள் ஊர்ப் பெயரைச் சத்தமாகவே சொன்னேன்.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? கையைத் தட்டிவிட்டாள்.

"அக்கா, ரெண்டும் வேற வேற இடம்! பழசைப் பூட்டி வச்சிருக்கிற அலமாரி உங்களுக்கு ஜோரா இருக்கு. இப்ப காதுல விழுந்ததை வேலை முடியுற வரைக்கும் வச்சிருக்க ஒரு சின்ன முக்காலி இருக்கும் பாருங்க, அதுதான் குறுகிப்போச்சு. மத்தவங்க முக்காலியில நாலஞ்சு சாமான் நிக்கும். உங்களுக்கு ஒண்ணு நிக்கும், ரெண்டாவது வச்சா மொதல்ல உள்ளது விழுந்துரும். இந்த நோய் இருக்கிற நெறையப் பேருக்கு இது உண்டு."

"அப்ப சத்தம்? ஃபேன் சத்தமெல்லாம் பெருசாக் கேக்கே?"

"மத்தவங்க காது வாசல்ல ஒரு காவல்காரன் இருப்பான், வேண்டாத சத்தத்தை வெளியிலயே நிறுத்திருவான். உங்க ஆளு கொஞ்சம் தூங்கிருதான். காதுக்குள்ள கேட்ட சத்தத்துக்கு மாத்திரை இருக்கு. இதுக்கு மாத்திரை அவ்வளவா கேக்காது. ஆனா வேற வழி பண்ணலாம்."

"அப்ப நான் சோம்பேறி இல்லையா?"

"யார் சொன்னா அப்படி?"

யார் சொல்லவில்லை! நான் நாற்காலியை விட்டு எழுந்து அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து அழுதேன், சிரித்தேன், அப்படியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லணுமே! வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, வாங்கப் போன மாத்திரையை வாங்கவே இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

வேற வழி என்றாளே பாத்திமா, அதுவும் லேசில் வந்துவிடவில்லை. நோட்டில் எழுதச் சொன்னாள்; எழுதின நோட்டை எங்கே வைத்தேன் என்று மறந்தேன். துண்டுச் சீட்டில் எழுதி அடுக்களைச் சுவர் முழுக்க ஒட்டினேன். ஒன்றைப் படிக்கும்போது கண் இன்னொன்றுக்குத் தாவியது. அம்மா போன பிறகு ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சீட்டுகளைப் படித்துக்கொண்டே நின்றேன். பால் பொங்கித் தீயை அணைத்துவிட்டது, கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து மூடினார்.

அந்தக் கேஸ்தான் அண்ணன் காதுக்குப் போனது.

நாசரேத்

அம்மா தவறிப்போனதைப் போன வாரம் எழுதிவிட்டேன். இந்த வாரம் அழமாட்டேன்.

அண்ணனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அண்ணன் பெண்டாட்டி, எங்க மைனிக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். ரெண்டு பேரும் அசனத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டார்கள். வந்த மறுநாளே அண்ணன் என் சேலைகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தான்.

"நல்ல எடம்டி. நேரத்துக்குச் சோறு, மாத்திரை எல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாவ. அம்மா இருந்தா சரி. இனிமே ஒத்தையில நீ அடுப்பத் தொடுதேன்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வரல."

அவன் கெட்டவன் இல்லை, சொல்லிவிடுகிறேன். பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். சின்னதில் என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போகும்போதுகூட 'பிடிச்சிருக்கியா, பிடிச்சிருக்கியா' என்று திரும்பித் திரும்பிப் பார்த்து ரெண்டு பேரையும் ஓடையில் தள்ளினவன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அசனக் கமிட்டி கூடினது. ஒரு சிக்கல். வழக்கமாகக் கலவறை பார்க்கிற ஞானமுத்து அண்ணாச்சிக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கலவறை என்றால் லேசான வேலையா? பதினோரு வரிசையிலிருந்து பரிமாறுகிறவர்கள் ஓடி வந்து 'அஞ்சுக்குக் குழம்பு, ஒம்பதுக்குச் சோறு' என்று கத்துவார்கள். அத்தனையையும் மண்டையிலேயே வைத்துக்கொண்டு அனுப்பணும். எழுதி வைத்துப் பார்க்கிறவன் கலவறைக்கு லாயக்கில்லை என்று எங்க சபையில் ஒரு வீறாப்பு. அதற்கு முந்தின வருஷம் ஒரு வரிசைக்குக் குழம்பே போகாமல், ஆட்கள் இலையைத் தூக்கிக்கொண்டே வந்து சண்டை போட்டார்கள். அதனால் ஒருத்தரும் முன்வரவில்லை. எல்லாரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் பார்வையைக் கலவறைக் கதவுப் பக்கம் திருப்பினேன். பதினோரு வரிசை. பதினொன்று!

மண்டைக்குள் ஒரு மணி அடித்தது பாருங்க, ஜங்ஷனில் வண்டி வரும்போது அடிப்பார்களே, அந்த மணி.

"நான் பாக்கேன் கலவறைய" என்றேன் சத்தமாக.

நாலு பேர் சிரித்தார்கள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு "சும்மா இருட்டி" என்றான். ஞானமுத்து அண்ணாச்சி என்னைக் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார். "மண்டையில வச்சுக்கிடுவியா?"

"மண்டையில ஒண்ணும் வைக்கமாட்டேன். ஆணியில வைப்பேன்."

"ஆணியிலயா? இது என்ன ரேஷன் கடையா?" என்றார். அப்புறம் அவரே, "சவத்த விடுங்கவே. வேற எவன் வாரான் இங்க? பிள்ள பாக்கட்டும், நான் பக்கத்துல நாற்காலியப் போட்டு இருக்கேன்" என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் விரலை நீட்டினான். "ஒழுங்கா நடத்திக் காட்டு, பெட்டிய அவுக்கேன். இல்லன்னா திங்கக்கெழம வாய் பேசாம வண்டியில ஏறணும்."

"சரி" என்றேன். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்ப் பதினோரு ஆணி பொறுக்கி எடுத்தேன்.

குரும்பூர்

மறுநாளே சுத்தியல் எடுத்துக்கொண்டு போய்க் கலவறைக் கதவில் நானே ஆணி அடித்தேன். பத்து ஆணி கதவில் இறங்கியது, ஒன்று மட்டும் பெருவிரலில் இறங்கப் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் மேலே சாக்பீசால் ஸ்டேஷன் பெயர் எழுதினேன். முதல் வரிசை பாளையங்கோட்டை, கடைசி வரிசை திருச்செந்தூர். சமையல்கட்டு ஜங்ஷன்.

மூன்றாவது வரிசை கொஞ்சம் விசேஷம். முட்டுவலிக்காரர்களுக்கும் தரையில் உட்கார முடியாதவர்களுக்கும் பெஞ்சு டெஸ்க் போட்ட சின்ன வரிசை அது. ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் இருப்பதால் கலவறையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. வரிசைப்படி அதற்குத் தாதன்குளம் வந்தது.

சட்டம் ஒன்றே ஒன்றுதான். யாரும் என்னிடம் வாய் திறக்கக்கூடாது. சோறு வேணுமானால் வெள்ளை ரிப்பன், குழம்புக்குச் சிவப்பு, சாம்பாருக்கு மஞ்சள், தண்ணிக்கு நீலம். பரிமாறுகிறவர் வந்து தன் ஸ்டேஷன் ஆணியில் ரிப்பனை மாட்டிவிட்டு ஓரமாக நிற்கணும். நான் பாளையங்கோட்டையிலிருந்து ஒவ்வொரு ஆணியாகப் பார்த்து வருவேன். முக்காலியில் ஒரு சாமான்தானே நிற்கும்? ஒன்றே ஒன்றை வைத்தால் போச்சு.

"செய்துங்கநல்லூர், செவப்பு!"

வாளி போகும். ரிப்பனை அவர் கையில் கொடுப்பேன். அடுத்த ஆணி.

அசனத்தன்று முதல் பந்தி போனது பாருங்க, அட அட! வாளி தூக்கினவர்கள் ஆலய டீக்கன்மாரும் பள்ளிக்கூட வாத்தியார்களும்தான். முதலில் முணுமுணுத்தார்கள். நாலு சுற்று முடிந்ததும் அவர்களுக்கே குஷி வந்துவிட்டது. "கச்சனாவிளையில கூட்டம் சாஸ்தி, சோறு!" என்று ஒருவர் ஆர்வத்தில் கத்த, "வாயத் தொறக்காதீரும்வே, ரிப்பனப் போடும்!" என்று ஞானமுத்து அண்ணாச்சியே அதட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விசில். பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகள் விசிலுக்குப் பதில் 'கூ' என்று சத்தம் போட்டார்கள். எனக்கு அப்பாவின் கடைசிப் பெட்டியில் நிற்கிற மாதிரியே இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

ஆறுமுகநேரி

இரண்டாம் பந்தியில்தான் வந்தது வினை.

கூட்டம் ஒன்றரை மடங்கு. எட்டு ஆணியில் ரிப்பன், வாசலில் எட்டுப் பேர் வாளியோடு காத்து நின்றார்கள். நான் என் பாட்டுக்கு ஒவ்வொரு ஆணியாகப் பைய வந்துகொண்டிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் நான் திகைத்து நிற்கிற மாதிரி இருந்திருக்கும். என் பயந்தாங்கொள்ளி அண்ணனுக்கு அப்படித்தான் இருந்தது. சுவரோரத்திலிருந்து ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்தான்.

"தள்ளுட்டி! எல்லாரும் எங்கிட்ட சொல்லுங்க, நான் அனுப்புதேன்!"

சொல்லிக்கொண்டே கையால் ஒரு வழி வழித்தான். ஆணியிலிருந்த ரிப்பன் அத்தனையும் அவன் கைக்குப் போச்சு.

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். "ஆறுக்குச் சாம்பார்!" "ஒம்பதுக்குச் சோறு!" "ரெண்டுக்குத் தண்ணி!" அண்டா மூடி உருண்டது. எங்கேயோ ஒரு பிள்ளை அழுதது. எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே அளவில் கேட்டது. பிள்ளை அழுகையும் மூடிச் சத்தமும் ஆறுக்குச் சாம்பாரும் ஒன்றுபோல. கதவைப் பார்க்கிறேன், ஆணிதான் தெரிகிறது. ஒரு ஆணியிலும் ஒன்றும் இல்லை. என் கையில் கரண்டி இருந்தது. அது எதற்கு என்று தெரியவில்லை. பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது. போச்சு, திங்கட்கிழமை போகணும் என்று நினைத்தேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஜோராகத்தான் அனுப்பினான். அப்புறம் நாசரேத்துக்கு ரெண்டு வாளி குழம்பு போச்சு. சோறு கேட்ட குரும்பூருக்குத் தண்ணி போச்சு. "நான் கேட்டது சாம்பாரு!" என்று ஒருவர் திரும்பி வந்து கத்தினார். அண்ணன் நெற்றியில் வேர்வை.

"ஏட்டி சீலி," என்றார் ஞானமுத்து அண்ணாச்சி, என் பக்கம் குனிந்து. "விசில் ஒன் கழுத்துலதான கெடக்கு?"

ஆமா! கழுத்தில்தான் கிடந்தது!

உள்ளங்கால் வரைக்கும் மூச்சை இழுத்து ஊதினேன். கலவறையே கப்சிப்.

"அண்ணே, ரிப்பனக் குடு."

"ஏட்டி, நான்..."

"குடு! குடுத்துட்டு ஸ்டேஷன விட்டு வெளியில நில்லு!"

வாழ்க்கையில் முதல் முறையாக அண்ணனை அதட்டினேன். பேசாமல் கொடுத்துவிட்டான். வாளிக்காரர்களைப் பார்த்து, "எல்லாரும் ஒருக்கா மாட்டுங்க. வண்டி பாளையங்கோட்டையிலருந்து திரும்பப் பொறப்படுது" என்றேன்.

தாதன்குளம்

கவனித்தீர்களா, செய்துங்கநல்லூருக்கு அப்புறம் இந்த ஸ்டேஷனில் நான் நிற்கவே இல்லை. இதற்காகத்தான் வைத்திருந்தேன்.

ஆளாளுக்கு வந்து ரிப்பன் மாட்டினார்கள். பாளையங்கோட்டை, வெள்ளை. செய்துங்கநல்லூர், மஞ்சள். அடுத்த ஆணி வெறும் ஆணி.

ஸ்ரீவைகுண்டத்தில் சிவப்பு தொங்கியது, அவர் வாளியோடு பறந்துகொண்டு நின்றார். தாண்டிப் போகக் கால் எடுத்தேன். முடியவில்லை. 'ஏற வேண்டியவன் ஏறிட்டானான்னு பாக்காம கொடியக் காட்டக்கூடாது' என்று அப்பா சாப்பாட்டுத் தட்டு முன்னால்கூடச் சொல்லிக்கொண்டிருப்பார். வெறும் ஆணி என்றால் ரெண்டில் ஒன்று. அந்த வரிசை திருப்தியாகச் சாப்பிடுகிறது. இல்லாவிட்டால் அங்கே ஒன்றுமே போகவில்லை.

"தாதன்குளத்துக்கு யாரு?"

"அந்த வாத்தியார அப்பமே அனுப்பிட்டேனே" என்று வெளியிலிருந்து அண்ணன் சொன்னான்.

"என்னத்தக் குடுத்து அனுப்புன?"

அண்ணன் விரலை மடக்கி யோசிக்க ஆரம்பித்தான்.

கரண்டியை அண்ணாச்சி மடியில் போட்டுவிட்டு ஓடினேன். ஓய்வுநாள் பள்ளிக்குப் பின்னால் வரிசையாகப் பெஞ்சு, டெஸ்க், டெஸ்க் மேலே இலை. இலையில் உப்பு மட்டும். முட்டுவலிக்காரர்கள் இருபது பேர் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வரிசைக்குப் பரிமாறுகிற வாத்தியார், "சொல்லிட்டேன், வாளி வரும்னாவளே" என்று வெறுங்கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். முதல் பெஞ்சில் யார் தெரியுமா?

எங்க மைனி.

"எம்மா சீலி," என்றாள் மைனி, "ஒங்க அண்ணன்ட்ட ரெண்டு மட்டம் சொல்லி அனுப்பியாச்சு. கெட்டுன பொண்டாட்டிக்கு ஒரு வாய்ச் சோறு அனுப்பத் தோணல, பாத்தியா?"

எனக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்த அண்ணன் அதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டான். நான் சிரிக்கக்கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை. மைனியும் சிரித்தாள், பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அண்ணன் திரும்பி ஓடிப்போய்ச் சோற்று வாளியை ஒரு கையிலும் குழம்பு வாளியை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் குழம்பு. அந்த வரிசைக்குக் கடைசி வரைக்கும் அவனே பரிமாறினான்.

நான் கலவறைக்குத் திரும்பினேன். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் இன்னும் வாளியோடு நின்றார். "செவப்பு!" என்றேன்.

மூன்றாம் பந்தியும் முடிந்து அண்டா கழுவுகிறபோது ஞானமுத்து அண்ணாச்சி கதவைத் தடவிப் பார்த்தார். "இந்த ஆணியள ஒருத்தரும் புடுங்கப்படாது, ஆமா" என்றார் கமிட்டிக்காரர்களிடம்.

திருச்செந்தூர்

சாயங்காலம் வீட்டில் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அங்கன நூறு பேரு ஒத்தாசைக்கு இருந்தாவ. இங்கன நீ ஒத்தையில இருக்கணும்லா?"

"ஏமாத்துக்காரப் பய! பெட்டிய அவுக்கேன்னியா இல்லையா?"

"ஒரு மாசம் பாப்போம்டி. அடுத்த மாசம் இதே தேதிக்கு வாரேன். ஒண்ணும் கோளாறு இல்லன்னா இரு. இல்லன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன்."

கோபத்தில் ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை. ஆனால் ஊருக்குப் போகிறதுக்கு முன்னால் அவனே சுத்தியல் வாங்கி வந்து அடுக்களைச் சுவரில் பதினோரு ஆணி அடித்தான். அளவு பார்த்து, நூல் பிடித்து அடித்தான். பெட்டியை மட்டும் அவிழ்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான்.

ஒரு ஆணிக்கு ஒரு சீட்டு. பாளையங்கோட்டையில் காலை மாத்திரை. செய்துங்கநல்லூரில் பால். தாதன்குளத்தில் கேஸ் மூடியாச்சா. அந்தச் சீட்டைத் தொட்டுப் பார்க்காமல் ஸ்ரீவைகுண்டத்துக்குப் போகிறதே இல்லை. செய்து முடித்ததைத் திருப்பி மாட்டுவேன். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது என்று பொய் சொல்லமாட்டேன். ஒருநாள் கதவைப் பூட்டாமல் தூங்கினேன். ஒருநாள் பாளையங்கோட்டையில் மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டு, போட்டேனா இல்லையா என்று தெரியாமல் பாத்திமாவுக்குப் போன் அடித்தேன். "மாத்திரையைப் போட்ட பொறவுதான் சீட்டைத் திருப்பணும், சும்மா திருப்பாதீங்கக்கா" என்றாள். அதையும் ஒரு சீட்டில் எழுதினேன்.

அண்ணன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் கூப்பிடுவான். "வண்டி எங்கட்டி நிக்கி?" என்பான். "ஆறுமுகநேரி" என்பேன். எட்டு வேலை முடிந்து ஒன்பதாவது ஆணியில் நிற்கிறேன் என்று அவனுக்குப் புரியும். கொஞ்ச நாளில் கேஸைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு மைனியின் முட்டுவலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.

திருச்செந்தூர் ஆணியில் மட்டும் ஒரு சீட்டு தினமும் அப்படியே தொங்கியது. 'அண்ணன் வருகிற நாள்' என்று எழுதித் தேதி போட்டிருந்தேன்.

அந்தத் தேதியும் வந்தது. அதிகாலையிலேயே குளித்து, வீடு பெருக்கி, நல்ல சேலை உடுத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து மணி ஆச்சு. மத்தியானம் ஆச்சு. அண்ணனுக்கும் சேர்த்து வைத்த சோறு ஆறிப்போச்சு. நாலு மணிக்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. நானே கூப்பிட்டேன்.

"என்னட்டி, இந்நேரத்துல? கேஸ் எதுவும்..."

"கேஸ் மூடியாச்சு. நீ எப்ப வாரே?"

"எங்க?"

"இங்கன. இன்னைக்குத்தான தேதி? என்னையக் கூட்டிட்டுப் போக."

அண்ணன் மெதுவாகச் சொன்னான். "ஏட்டி... மறந்தே போச்சுட்டி."

மறந்தே போச்சாம்! இருபது வருஷமாக எங்க குடும்பத்தில் அந்த வார்த்தையைச் சொல்லித் திட்டு வாங்கினவள் நான் ஒருத்திதான். போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. அவனும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினான்.

போனை வைத்துவிட்டுத் திருச்செந்தூர் ஆணியிலிருந்து சீட்டைக் கழற்றினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டியை இழுத்துத் திறந்தேன். சேலையெல்லாம் மடிப்பில் கசங்கிப்போயிருந்தது. ஒவ்வொன்றாக உதறி அலமாரியில் அடுக்கினேன்.